கும்பத்துக்கு ஐந்து மாவிலை

அக்காவின் முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கையில் குருக்கள் வீட்டுக்கு வந்து சாமான் பட்டியல் எழுதித் தந்தார். ஒரு கொப்பித் தாளின் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. தம்பி அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக் கடைக்காரருக்கு அனுப்பிவிட்டு, "எல்லாம் ஒரு செற்றா வீட்டுக்கே வருமாம் சின்னக்கா. நீங்க ஒண்டுக்கும் ஓடித்திரியத் தேவையில்லை" என்றான். அவன் கனடாவில் இருந்து செத்தவீட்டுக்கு வந்தவன். முப்பத்தொன்று முடிந்த மறுநாள் அவனுக்கு விமானம். செத்துப்போனவள் எங்கள் மூத்த அக்கா. அவளுடைய கணவர் கலியாணமாகி நாலாம் வருடமே காய்ச்சலில் போய்விட்டார். நான் கலியாணமே செய்யவில்லை. துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள இந்த ஒழுங்கையில், இந்த வீட்டில், நானும் அவளும்தான் இவ்வளவு காலமும் இருந்தோம்.

அன்று பின்னேரமே கடையில் இருந்து ஒரு பெரிய பை வந்தது. நெல், நூல், தர்ப்பை, சந்தனம், கற்பூரம் எல்லாம் தனித்தனியாகச் சின்னப் பைகளில் ஒட்டப்பட்டிருந்தன. அடியில் ஒரு மாவிலைத் தோரணம். பிளாஸ்டிக். நல்ல பச்சை, நல்ல பளபளப்பு, ஒரு இலையில்கூடப் புழு அரித்த தடம் இல்லை. "கழுவிக் கழுவிப் பாவிக்கலாமாம்" என்று தம்பி அதைத் தூக்கிக் காட்டினான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவனோடு கதைக்காமல் குருக்களுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தோரணத்துக்கு அதைக் கட்டுங்கோ, நான் ஒண்டும் சொல்ல மாட்டன்" என்றார் அவர். "இப்ப எல்லா இடமும் அதுதான். கும்பத்துக்கு மட்டும் பச்சை மாவிலை வேணும். அஞ்சு இலை. காம்போட."

ஐந்து இலைதானே என்று செருப்பைக் கொழுவிக்கொண்டு பின்பக்கம் நடந்தேன். கிணற்றைத் தாண்டி மதில்வரை போன பிறகுதான் ஞாபகம் வந்தது. மதிலுக்கு மேலே வெறும் வானமும், பக்கத்து விருந்தினர் விடுதியின் தண்ணீர்த் தாங்கியும்தான் இருந்தன. அங்கே நின்ற மாமரத்தை வெட்டி ஆறு வருடமாகிவிட்டது. வெட்டுவித்தது நான்தான். அதை அக்கா அறியாமலே போய்விட்டாள்.

ஒரு காலத்தில் குருக்கள் தரும் பட்டியல் எங்கள் ஒழுங்கையின் பட்டியலாகத்தான் இருந்தது. வாழை மூலை வீட்டில் இருந்து வரும். அறுகம்புல் சங்கீத ரீச்சரின் வளவில். குருத்தோலைக்கு எதிர்வீட்டுத் தென்னை; அதில் ஏறவும் அவர்களே ஆள் பிடித்துத் தருவார்கள். துளசியும் செவ்வரத்தையும் யாரைக் கேட்டாலும் கிடைக்கும். மாவிலைக்கு மட்டும் எங்கும் போக வேண்டியதில்லை, பக்கத்து வீட்டு ராத்தாவின் மரத்தில் பாதி எங்கள் பக்கம்தான் நின்றது. அக்கா பட்டியலை ஒருதரம் வாசிக்கக் கேட்பாள். பிறகு ஒரு கடகத்தை எடுத்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினால் ஒன்றரை மணித்தியாலத்தில் எல்லாம் வந்துவிடும். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் பத்து நிமிசம்தான் இலை பறிப்பு. மிச்சம் முழுக்கக் கதை.

ராத்தாவின் குடும்பம் கிண்ணியாவில் இருந்து வந்து அந்த வீட்டை வாங்கியபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு பேரையும்விட அவருக்கு வயது கூட. அதனால், முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுவது போல, அவர் எங்களுக்கு ராத்தா. மகள் பிறந்த வருடம் அவருடைய கணவர் மதிலோரம் ஒரு கறுத்தக்கொழும்பான் மாங்கன்று நட்டார். அது மதிலை மதிக்காமல் வளர்ந்தது. அடி அவர்கள் பக்கம், நிழல் எங்கள் பக்கம், பழம் இரண்டு பக்கமும். மரத்தடியில் மதிலில் இரண்டு கல் வைக்காமல் விட்டிருந்தார்கள். அந்த ஓட்டையால்தான் அக்காவும் ராத்தாவும் ஒரு நாளில் பாதி நேரம் கதைத்தார்கள். இங்கே அக்கா மீன் வெட்டிக்கொண்டிருப்பாள், அங்கே ராத்தா அரிசி புடைத்துக்கொண்டிருப்பார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆனாலும் அக்காவின் குரல் கொஞ்சம் கம்மினால் அந்தப் பக்கத்தில் இருந்து மல்லித் தண்ணி வந்துவிடும்.

மரத்தில் எத்தனை சீவன் இருந்தது என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. காலையில் புலுனிக் குருவிக் கூட்டம் சருகைக் கிளறிக்கொண்டு சண்டை பிடிக்கும். மாம்பழக் குருவி மஞ்சளாய் வந்து ஒரு கூவு கூவிவிட்டுப் போகும். குக்குறுவான் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். அணில் ஓயாது. இலைகளைப் பொத்தி முசுறு கூடு கட்டியிருக்கும். அந்தச் செவ்வெறும்பு கடித்தால் உயிர் போய் வரும். இருட்டியதும் வௌவால் வரும். இவ்வளவையும் நான் அப்போது ஒரு தொல்லையாகத்தான் பார்த்தேன். வௌவால் எச்சம் நான் கந்தோருக்கு வேலைக்குக் கட்டும் சேலையில், சருகு கிணற்றுக்குள், முசுறு கொடியில் காய்ந்த உடுப்புக்குள். நான் வாய்க்காரி. மரத்தைப் பார்த்து நான் ஏசாத நாள் இல்லை. அக்கா சிரிப்பாள். "அதுக்குக் காது கேக்காது" என்பாள்.

ஒரு மாரியில் அக்கா கிணற்றடியில் ஊறிக் கிடந்த மாஞ்சருகில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. நான் குசினியில் இருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் எழும்ப ஏலாமல் கிடந்தாள். மழை அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது. இவளும் போனால் நான் என்ன செய்வேன் என்ற ஒரே நினைவுதான். பயத்தை வைத்துக்கொண்டிருக்க எனக்குத் தெரியாது, அது என்னிடம் வந்தவுடன் கோபமாகிவிடும். ஆஸ்பத்திரியில் அவளுடைய முறிந்த கைக்கு மா கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு, மேசையில் இருந்து ஒரு கடிதம் எழுதினேன்.

எனக்கு எழுத்து நன்றாக வரும். முப்பது வருடம் கந்தோரில் அதுதான் வேலை. ஒழுங்கையில் யாருக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டும், யாருக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் பிழை, எல்லாவற்றுக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தது நான்தான். ராத்தாவுக்கும் எழுதியிருக்கிறேன். அன்று எழுதியது நகரசபைக்கு. "மேற்படி மரமானது எமது வீட்டாரின் உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து விளைவிக்கும் நிலையில் உள்ளதால்" என்று தொடங்கி ஒரு பக்கம். வாசித்துப் பார்த்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது.

வீடு அக்காவின் பேரில் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு மூத்த பெண்ணுக்குத்தான். முறைப்பாடு என்றால் வீட்டுக்காரரின் பேரில் இருக்க வேண்டும் என்பது கந்தோரில் இருந்த எனக்குத் தெரியாதா? அக்காவின் பேரை எழுதி அவளுடைய கையெழுத்தையும் நானே வைத்தேன். அதில் எனக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை. வரிக் கடிதம், கரண்டுக் கடிதம் எல்லாவற்றுக்கும் அவள், "நீயே வைச்சு விடு" என்று சொல்லிப் பழக்கிவிட்டிருந்தாள். ஆனால் இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் கிழித்திருப்பாள்.

யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ராத்தாவுக்கு அறிவித்தல் போனது, முறைப்பாட்டின் பிரதியோடு. எங்களுக்கு வந்த பதிலைத் தபாற்காரரிடம் நானே வாங்கி என் பழைய கந்தோர்ப் பைக்குள் வைத்தேன். மரத்தை மாசி மாதம் வெட்டினார்கள். வாள் சத்தம் தொடங்கியபோது அக்கா மா கட்டிய கையோடு கிணற்றடிக்கு ஓடிவந்து மதில் ஓட்டையால், "ராத்தா, ராத்தா" என்று கூப்பிட்டாள். அந்தப் பக்கத்தில் இருந்து பதில் வரவில்லை. மதியத்துக்கிடையில் எங்கள் முற்றம் முழுக்க வெயில் வந்துவிட்டது. மரம் வளர்ந்த பிறகு அந்த முற்றத்தில் நான் அப்படி ஒரு வெயிலைக் கண்டதில்லை. அக்கா வெளியே வராமல் படுத்திருந்தாள்.

"ஒரு சொல் சொல்லாம வெட்டிப்போட்டாவே" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. முதலில் கோபம் தணியட்டும் என்று இருந்தேன். பிறகு மா கட்டு அவிழட்டும் என்று. பிறகு சொல்வதற்கு இவ்வளவு நாள் ஏன் பிந்தினாய் என்று கேட்பாளே என்ற வெட்கம் வந்துவிட்டது. நாள் போகப் போக அந்த வெட்கம்தான் வளர்ந்தது. அக்கா ஓட்டையடியில் இருப்பதை விட்டாள். மீனைக் குசினிக்குள் இருந்து வெட்டினாள். எட்டு மாதத்தில் ராத்தா வீட்டை விற்றுவிட்டு மகளோடு கிண்ணியாவுக்குப் போனார். போகும் அன்று எங்கள் படலையடியில் வந்து நின்றார். நான் போய், "வாங்கோ ராத்தா" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார். அக்கா குசினிக்குள் இருந்தாள். கை வேலையாக இருக்கிறது என்று சொல்லச் சொன்னாள். ராத்தா தலையை ஆட்டிவிட்டு வாகனத்தில் ஏறினார்.

அதன் பிறகு ஒழுங்கை மளமளவென்று போனது. ராத்தாவின் வீட்டை இடித்து மூன்று மாடி விருந்தினர் விடுதி கட்டினார்கள். மதில் ஓட்டையைச் சீமெந்து போட்டு அடைத்தார்கள். சங்கீத ரீச்சர் அவுஸ்திரேலியாவுக்கு மகனிடம் போய்விட்டார். அவருடைய அறுகம்புல் வளவில் இப்போது வாகனங்கள் நிற்கின்றன. மூலை வீட்டையும் எதிர்வீட்டையும் ஒருவரே வாங்கினார். அங்கே தொட்டியில் ஈச்சை மாதிரி ஒன்று நிற்கிறது, பூக்காது, காய்க்காது, ஒரு குருவியும் அதில் இருந்து நான் காணவில்லை. கோட்டைப் பக்கத்து மான்கள் மட்டும் இந்தப் பக்கம் வந்து குப்பைப் பையைக் கிழித்துச் சோற்றைத் தின்றுவிட்டுப் போகும். அக்கா அவற்றுக்கு வாழைப்பழத் தோல் எறிவாள். "இதுகளாவது வந்து பாக்குதுகள்" என்பாள். காலையில் எங்களை எழுப்புவது விடுதியின் தண்ணீர் மோட்டார்தான்.

அக்கா செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். தேத்தண்ணி குடித்துவிட்டுக் கதிரையில் இருந்தவள் அப்படியே போய்விட்டாள். நான் ஒழுங்கைக்கு ஓடிவந்தேன். செத்தவீடு என்றால் ஒரு சொல் போதும், மிச்சத்தை அயல் பார்த்துக்கொள்ளும் என்றுதான் என் கால் ஓடியது. முதல் படலையில் மணியை அடித்தேன். உள்ளே இருந்து ஒரு குரல் இங்கிலிசில், முன்பதிவு செய்திருக்கிறீர்களா என்று கேட்டது. அடுத்த படலையில் யாரும் இல்லை, ஒரு கமரா மட்டும் என்னைப் பார்த்தது. நான் நடுத் தெருவில் நின்றேன். யாருக்குச் சொல்வது என்று தெரியவில்லை. அன்று அழுதது அக்காவுக்காக மட்டும் என்று சொன்னால் அது பொய்.

ஒருவர் வந்தார், அதையும் சொல்ல வேண்டும். பக்கத்து விடுதியைப் பார்த்துக்கொள்கிறவர், கந்தளாய்க்காரர், சிங்களவர், நாற்பது வயது இருக்கும். விசயத்தைக் கேட்டதும் விடுதியில் போட்டிருந்த பாட்டை நிறுத்தினார். அரை மணித்தியாலத்தில் நாற்பது கதிரை கொண்டுவந்து முற்றத்தில் போட்டார். முதல் நாள் நடந்த கலியாணத்துக்குக் கட்டிய ஊதாப் பட்டு நாடாவை அவிழ்க்க நேரமில்லாமல் அப்படியே கொண்டுவந்திருந்தார். அக்காவின் செத்தவீட்டில் சனம் ஊதாப் பூ முடிச்சுப் போட்ட கதிரையில் இருந்தது. பாதிக் கதிரை வெறுமையாகவும் இருந்தது.

ராத்தாவுக்கு ஆள் மூலம் அறிவித்தோம். அவர் வரவில்லை. மருமகன் வந்து படலையடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். "அவ்வளவு காலம் பழகின மனிசி, முகம் பாக்க வரேல்லையே" என்று தூரத்து உறவுக்காரி ஒருத்தி சொன்னாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வாய்க்காரி என்று பேர் எடுத்தவள்.

இப்போது ஐந்து இலைக்கு வந்து நிற்கிறேன். கிண்ணியாவில் ராத்தாவின் மகள் வீட்டில் மாமரம் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் முதலில் ஒழுங்கை முழுக்கத் தேடினேன். ஒழுங்கையில் இல்லை என்று அடுத்த நாள் பெரிய தெருவுக்குப் போனேன். சந்தையில் வாழையிலை இருந்தது, வெற்றிலை இருந்தது. மாவிலை கேட்டபோது கடைக்காரி, "அதை ஆர் விக்கிறது?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவள் கேட்டதும் சரிதான். மாவிலை விற்கிற சாமானாக ஒருநாளும் இருக்கவில்லை. நிலாவெளிப் பக்கம் கேட்டால் கிடைக்கும் என்று தம்பி சொன்னான், ஓட்டோ பிடித்துத் தருகிறேன் என்றான். கிடைக்கும்தான். நிலாவெளியில் ஆயிரம் மாமரம் நிற்கட்டும். அங்கே இலை பிடுங்கிக்கொண்டு வந்து அக்காவின் கும்பத்துக்கு வைத்துவிட்டால், பிறகு நான் ராத்தா வீட்டுக்கு ஒருநாளும் போக மாட்டேன் என்பது எனக்கே தெரிந்தது. மறுநாள் காலை ஒருவருக்கும் சொல்லாமல் கிண்ணியா பஸ் ஏறினேன்.

பாலத்தில் பஸ் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் வெள்ளையாக மினுங்கியது. பாதை என்று சொல்லும் அந்தப் பழைய மிதவையில் தண்ணீரைக் கடந்து போன காலத்தில், திரும்பிப் போக நினைத்தால் கரையில் நின்று யோசிக்கக் கொஞ்ச நேரம் கிடைக்கும். பாலம் அந்த நேரத்தைத் தருவதில்லை. என்ன சொல்வது என்று முடிவெடுக்க முதல் கிண்ணியா வந்துவிட்டது.

ராத்தா முன் விறாந்தையில் கதிரையில் இருந்தார். கையில் தஸ்பீஹ் மணி. நன்றாக மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்து, ஏலாமல் இருந்துவிட்டார். மகள் எனக்குக் கதிரை போட்டுவிட்டுத் தேத்தண்ணி வைக்க உள்ளே போனாள்.

"அக்காவின்ர முப்பத்தொண்டு நாளைக்கு, ராத்தா" என்றேன். "கும்பத்துக்கு அஞ்சு மாவிலை வேணும்."

"ஒங்கட ஒழுங்கையில மாமரம் இல்லையா தங்கச்சி?"

குத்திக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

"ஒண்டும் இல்லை ராத்தா. ஒருத்தரும் இல்லை."

அவர் மணியை உருட்டினார். நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு சொன்னேன். "ராத்தா, அந்தக் கடிதம் அக்கா எழுதினதில்லை. நான் எழுதினனான். அவவின்ர பேரைப் போட்டுக் கையெழுத்தும் நான்தான் வைச்சனான். அவவுக்கு ஒண்டும் தெரியாது. கடைசி மட்டும் தெரியாது. நீங்கதான் சொல்லாம வெட்டினீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டே போயிட்டா."

விரல் நின்றது. முற்றத்தில் ஒரு சேவல் நடந்து போனது. மகள் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் வந்து நின்று, தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"எழுத்து ஒன்ட எழுத்துத்தான்" என்றார் ராத்தா கடைசியில். "கண்டவுடன தெரியும். எனக்கும் நீ எத்தின கடிதம் எழுதித் தந்திருக்க. ஆனா பேர் அவள்ற பேர். அவ சொல்லித்தான் நீ எழுதின எண்டு நெனச்சன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "மரம் பெரிசில்ல தங்கச்சி. அவர் நட்ட மரம், அது வேற. விழுந்து கை ஒடஞ்சவ. அந்த ஓட்டையால ஒரு சொல்லுச் சொல்லி இருந்தா நானே ஆளப் புடிச்சு வெட்டி இருப்பன். ஒரு சொல்லுச் சொல்லாம கடிதம் போட்டாளே எண்டுதான்."

அதே சொல். மதிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு பேரும் ஆறு வருடம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நடுவில் நான் சோறு தின்று, படுத்து எழும்பிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"வெட்டேக்க அக்கா உங்களைக் கூப்பிட்டவ ராத்தா."

"கேட்டுது" என்றார். "வெட்டச் சொல்லிப்போட்டு ஏன் கூப்புடுறாள் எண்டு நெனச்சன்."

பிறகு என்னைப் பார்த்தார். வந்ததில் இருந்து அப்போதுதான் நேராகப் பார்த்தார். "அப்ப நான் வந்திருப்பனே" என்றார். "அவள்ற முகத்தப் பாக்க நான் வந்திருப்பனே."

அவர் என்னை ஏசியிருக்கலாம். அதற்கு ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். ஏச்சு வாங்கினால் திருப்பி அழலாம், மன்னிப்புக் கேட்கலாம், காலில்கூட விழலாம். அவர் மகளின் தோளைப் பிடித்து எழும்பி, கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு பின் வளவுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். "இது என்ன சாதியோ தெரியா, மகள்ற மாமியார் நட்டது. பழம் புளி" என்று சொல்லிக்கொண்டே ஒரு கொப்பை வளைத்து முறித்தார். ஐந்து இலைக்கு ஒரு முழுக் கொப்பு. அதன் நுனியில் இலைகளைப் பொத்தி ஒரு முசுறுக் கூடு இருந்தது. மகள் அதை உதறப் போனாள். ராத்தா, "உடு" என்றார்.

"நாளைக்கு வாங்கோவன் ராத்தா" என்றேன்.

"அங்க வந்து இனி நான் யாரப் பாக்க?" என்றார்.

பஸ்ஸில் கொப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். முசுறு ஒவ்வொன்றாக இறங்கி என் கையில் ஏறின. பக்கத்தில் இருந்த பெண் எழும்பி வேறு கதிரைக்குப் போனாள். கடித்தது. பல இடத்தில் கடித்தது. தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

முப்பத்தொன்று நல்லபடியாக நடந்தது. கும்பத்தில் ஐந்து இலையைச் சுற்றி வைத்து நடுவில் தேங்காயை வைத்தபோது குருக்கள், "நல்ல இலை" என்றார். தம்பி அவன் பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் காட்டினான். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் படலைப் பக்கம் அடிக்கடி பார்த்தேன், ராத்தா வரவில்லை. மறுநாள் தம்பி புறப்பட்டான். போக முதல் விறாந்தையில் ஒரு கமரா பூட்டினான். "கனடாவில இருந்து உங்களைப் பாத்துக்கொள்ளுவன் சின்னக்கா" என்றான். அவன் குற்றமில்லை. அவனுக்குத் தெரிந்த வழி அதுதான்.

மிஞ்சிய கொப்பைக் கிணற்றடியில், பழைய ஓட்டை இருந்த இடத்தில் மதிலோடு சாத்தி வைத்திருந்தேன். இலை வாடத் தொடங்கியதும் முசுறு கூட்டை விட்டு வெளியே வந்தன. மதிலில் ஏறி, மேல் விளிம்பில் இந்தத் தொங்கலுக்கும் அந்தத் தொங்கலுக்குமாக வரிசையாக நடந்தன. ஏறுவதற்கு மரம் தேடின. இரண்டாம் நாள் காலை விடுதிக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"மிஸ், சிவப்பு எறும்பு நிறைய வருது. மேசைக்கு எல்லாம் வருது. நான் மருந்து அடிக்கவா?"

"வேண்டாம்" என்றேன்.

அவர் தயங்கினார். நல்ல மனிசன், முற்றத்தில் கதிரை போட்டவர். "கெஸ்ட் கொம்பிளெயின் பண்ணும் மிஸ். முதலாளி கேட்பார். பக்கத்து வீட்டால வந்தது எண்டு நான் எழுதிக் குடுக்க வேணும்."

"எழுதிக் குடுங்கோ. மருந்து அடிக்க நான் விடேல்லை எண்டு எழுதுங்கோ."

அவர் சட்டைப் பையில் இருந்து தொலைபேசியை எடுத்தார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு என் பேரைக் கேட்டார். நாலு வருடமாக நான் அவருக்கு மிஸ்தான். நான் என் பேரைச் சொன்னேன். அவருக்கு அது சரியாகப் பிடிபடவில்லை, திரும்பவும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டு, "வீடு மிஸ்ஸின் பேரிலதானே?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். "வீடு என்ர அக்காவின்ர பேரில. அவவின்ர பேரை இதில போடாதேங்கோ."